சோமசேகரன் அடித்த நேரம்

எங்கள் 'வாய்க்கால்' என்ற கம்ப்யூட்டர் நிரலின் பிளாப்பியில் ஒரு நன்றிப் பட்டியல் இருக்கிறது. அதில் நாலு பெயர்கள். முதல் மூன்று பெயர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாலாவதாக இருக்கும் சோமசேகரன் நிரலில் எந்தப் பகுதியை எழுதினார் என்று மட்டும் ஊர் ஊராகக் கடிதம் வருகிறது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. போதாக்குறைக்கு, தனக்கே தெரியாமல் ஒரு வருஷமாக எங்கள் வேலையில் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர். ஆனாலும் அந்தப் பெயரை எடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது காரைக்காலில் பலருக்குத் தெரிந்த விஷயம்தான்.

நான் ஜெயமேரி. 1988-ல் கடைமடை பாசனக் கூட்டமைப்பு என்ற சின்ன அலுவலகத்தில் கம்ப்யூட்டர் உதவியாளராகச் சேர்ந்தேன். மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் அலுவலகம். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இன்ன கிழமை, இன்ன மணிக்கு, இன்ன மதகு, இத்தனை மணி நேரம் என்று முறை வைக்க வேண்டும். அந்த முறைப் பட்டியலைத் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. நான் வருவதற்கு முன்பு பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவர் பக்கத்தில் யார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரோ அவர் ஊருக்கு இரண்டு மணி நேரம் கூடும். அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லாம் வாய்க்கால் தொடங்கும் இடத்து மேல்மடைக்காரர்கள். வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்க்காரன் மாடிப்படி ஏறுவதற்குள் பட்டியல் முடிந்திருக்கும்.

அதை மாற்றத்தான் 'வாய்க்கால்'. பாதி நான் எழுதினேன். மீதியை எழுதியவர் மைக்கேல்ராஜ். திருச்சியில் ஒரு கல்லூரியில் வாத்தியார், நான் கம்ப்யூட்டர் படித்த வகுப்பில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தவர். நிரலை யார் கேட்டாலும், ஓடும் நிரலை மட்டும் கொடுக்காமல் நாங்கள் எழுதிய மூலத்தையும் சேர்த்துக் கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிற கணக்கு ஒளிவுமறைவாக இருக்கக்கூடாது, தப்பு இருந்தால் பார்க்கிறவன் சொல்லட்டும் என்பது மைக்கேல்ராஜின் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு சண்டை போடவில்லை.

சண்டை வந்தது, நிரலை எப்படிக் கட்டுவது என்பதில். 'வாய்க்கால்' மொத்தம் பதினாலு கோப்புகள். ஒவ்வொன்றையும் கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்தால்தான் ஓடும் நிரல் கிடைக்கும். திருத்தம் எங்கிருந்து வந்தாலும் தபாலில் என்னிடம் வரும். நான்தான் கட்ட வேண்டும். மைக்கேல்ராஜ் ஒரு கட்டளைக் கோப்பு எழுதி அனுப்பினார். ஒரு வரியைத் திருத்தினாலும் பதினாலு கோப்புகளையும் முதலிலிருந்து கட்டும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவர் கல்லூரியில் ஹார்ட் டிஸ்க் இருந்தது, மின்சாரமும் இருந்தது. என்னிடம் இருந்தது இரண்டு பிளாப்பி டிரைவ் வைத்த ஒரு மெஷின். அதில் முழுசாகக் கட்ட ஐம்பது நிமிஷம் ஆகும். அந்த வருஷம் எங்கள் தெருவில் சேர்ந்தாற்போல ஐம்பது நிமிஷம் கரண்டு இருந்தால் அதிசயமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். பதிமூன்றாவது கோப்பு ஓடும்போது விசிறி நிற்கும், திரை இருளும், நான் ஒரு வார்த்தை சொல்லுவேன், பக்கத்து அறையில் சோமசேகரன் காதைப் பொத்திக்கொள்வார்.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையின் மூலையில் சின்ன அறிவிப்பு பார்த்தேன். வெற்று பிளாப்பியும் தபால்தலையும் அனுப்பினால், நிரல்களைக் கட்டுவதற்குத் தான் எழுதிய 'மேக்' என்ற கருவியை மூலத்தோடு இலவசமாக நகல் எடுத்து அனுப்புவதாகப் பூனாவிலிருந்து கோக்லே என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதியிருந்தார். நம்பிக்கையில்லாமல்தான் அனுப்பினேன். பத்தாம் நாள் பிளாப்பி திரும்பி வந்தது, இரண்டு பக்கக் கடிதத்தோடு. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், திருத்தினால் திருத்தியதை எனக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத ஒருத்திக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து நகல் எடுத்து, அட்டை வைத்துப் பொதிந்து, தபாலாபீஸ் வரைக்கும் நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தக் கருவியின் வேலை எளிது. ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எழுதப்பட்ட தேதியையும் மணியையும் மெஷின் குறித்து வைத்திருக்கும். நாம் எழுதிய மூலத்தின் நேரம், கம்பைல் செய்து வைத்ததன் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கட்டும். மற்றதைத் தொடாது. மாவு ஏற்கெனவே அரைத்து இருக்கிறதென்றால் கிரைண்டர் பக்கமே போகாது. ஐம்பது நிமிஷ வேலை ஏழு நிமிஷமாயிற்று.

மைக்கேல்ராஜுக்குப் பிடிக்கவில்லை. 'கடிகாரத்தை நம்பி வேலை செய்யும் கருவி எனக்கு வேண்டாம்' என்று கடிதம் எழுதினார். நான் பதில் எழுதினேன், அவர் பதிலுக்கு எழுதினார். ஆறு கடிதம் போன பிறகு இறங்கி வந்தார். 'கட்டுவது நீ, கஷ்டப்படுவதும் நீ. உன் இஷ்டம். ஆனால் இந்தக் கருவியால் ஒரே ஒரு பட்டியல் தப்பாகப் போனாலும் மறுநாளே என் முறைக்கு மாறிவிட வேண்டும்.' சரி என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

இப்போது சோமசேகரனுக்கு வருகிறேன். அலுவலகத்தின் குமாஸ்தா. திருநள்ளாறுப் பக்கத்துக்காரர், ஐம்பத்துநாலு வயது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். மெஷின் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கும். எங்கள் மெஷினுக்கு உள்ளே கடிகாரத்துக்கு என்று தனி பேட்டரி கிடையாது. கரண்டு போனால் நேரமும் மறந்துபோகும். ஒவ்வொரு தடவை போடும்போதும் இன்றைக்கு என்ன தேதி, இப்போது என்ன மணி என்று கேட்கும். அடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் அதை அடிப்பவர் அவர்தான். மேசை இழுப்பறையில் பஞ்சாங்கம் இருக்கும். ராகு காலத்தில் புதுப் பேனாவைக்கூடத் திறக்க மாட்டார். நான் கேலி செய்வேன். மெஷினைத் தொடும் முன் நான் சிலுவை போட்டுக்கொள்வதை அவர் கேலி செய்வார்.

1989 ஆகஸ்டில் போட்ட பட்டியலில் ஒரு தப்பு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் சுரக்குடி முத்தையன். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், எட்டாவது வரை படிப்பு, கூட்டமைப்பில் கடைமடை ஊர்களின் பிரதிநிதி. சுரக்குடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று பட்டியல் சொன்னது. மதகு திறந்து பன்னிரண்டு மணி நேரத்தில் மூடவும் செய்தார்கள். ஆனால் மதகிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடி சுரக்குடி வயலைத் தொடுவதற்கே ஐந்து மணி நேரம் ஆகிறது.

"பன்னெண்டு மணி நேரம் எங்க ஊருக்குன்னு எழுதிருக்கீங்க தங்கச்சி. அதுல அஞ்சு மணி நேரம் வாய்க்கா தரைதான் குடிக்கிது. எங்களுக்கு வந்து சேந்தது ஏழு. நாத்தங்காலு பாதி காஞ்சி கெடக்கு. அடுத்த முறையும் இப்புடியே வந்துச்சுன்னா சம்பா இல்ல, அவ்வளவுதான்."

நியாயம். கடைமடைக்கு ஓட்ட நேரத்தையும் சேர்த்துப் பதினேழு மணி நேரம் கொடுக்க வேண்டும். கூட்டமைப்பின் தலைவர் தியாகராசன் ஒத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, பொறுமை குறைந்தவர். "இன்னொரு வாட்டி தப்பு வந்தா நான் பழையபடி கையாலயே எழுதிக்குவேன். மெஷினுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல" என்றார். கையால் எழுதினால் சுரக்குடிக்கு ஏழு மணி நேரம்கூட வராது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை செப்டம்பர் மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பட்டியல் கையெழுத்தாக வேண்டும். பன்னிரண்டு மணி பஸ்ஸில் தலைவரே அதை எடுத்துக்கொண்டு போய் மதகு திறக்கும் லஸ்கர்களிடம் சேர்ப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் திருத்த உட்கார்ந்தேன். ஊர் ஊராக வாய்க்கால் நீளத்தைச் சேர்த்தேன், கட்டினேன். நடுவில் கரண்டு போய் வந்தது. அதன் பிறகு முக்கியமான வரியை எழுதினேன், ஓட்ட நேரத்தை முறையோடு கூட்டுகிற வரி. சேமித்துவிட்டு, கட்டி முடித்ததும் அச்சடிக்கும்படி கட்டளை கொடுத்தேன். திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. நான் பிரிண்டருக்குக் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தேன். கரகரவென்று அது பட்டியலை அடித்து முடித்தது, மூன்று மணிக்கு மறுபடி கரண்டு போயிற்று. ஆறு பிரதியையும் அழகாகக் கிழித்து மடித்து வைத்தேன். ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் கருவி, என் திருத்தம், எனக்கு என்ன சந்தேகம்!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அதற்குச் சற்று முன் சோமசேகரன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேரிம்மா, சாவிய உங்ககிட்ட குடுத்துட்டு நான் கொஞ்சம் வெளில போயிட்டு வந்துரட்டுங்களா? பத்தரைக்கு முன்னால கெளம்பணும்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எனக்குச் சுர்ரென்று வந்தது. "கூட்டம் நடக்குற அன்னைக்குமா சார்? உங்க ராகு காலத்துக்குத் தக்க தலைவர் கூட்டம் போடணுமா? நீங்க போனா யார் கையெழுத்துப் புஸ்தகத்த எடுத்துக் குடுக்குறது?" என்றேன். அவர் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். சரிம்மா என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

பட்டியலைக் கொடுத்தேன். மேல்மடைக்காரர்கள் வாங்கி மடித்துப் பையில் வைத்தார்கள். முத்தையன் மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஆங்கில எழுத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார்.

"தங்கச்சி, இது பழைய நேரந்தான்."

"இருக்காது அண்ணே."

"பன்னெண்டுன்னுதான் போட்டுருக்கு."

"சரியாப் பாருங்க. பேப்பரத் தலகீழா புடிச்சிருக்கப் போறீங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. இரண்டு பேர் சிரித்தார்கள். இதை இங்கே எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆகஸ்டு பட்டியலை எடுத்துப் பிரித்து, புதியதன் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. நீயும் எவ்வளவோ பாத்துட்ட. பேனாவக் கொண்டாங்க, எழுதிருவோம்" என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மேல்மடைக்காரர்கள் மேசையைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது என்னைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? ஒரு நிமிஷம் முன்பு நான் கேலி செய்த முத்தையன்தான். "தலைவரே, கையால எழுதுனா எங்களுக்கு என்ன வரும்னு ஒங்களுக்கே தெரியும். ஒங்க பஸ்ஸு பன்னெண்டு மணிக்கு. அது வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு நேரம் குடுங்க. ஒரு திருத்தந்தானே, செஞ்சிரும்" என்றார். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பது. "பன்னெண்டு மணி. ஒரு நிமிஷம் கூட ஆகக்கூடாது" என்றார்.

மெஷின் அறைக்கு ஓடினேன். திருத்தம் மூலத்தில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். நிரலில் இல்லை. அப்படியென்றால் கருவி அந்தக் கோப்பைக் கட்டவே இல்லை. மைக்கேல்ராஜ் சொன்னது சரி. வாய்க்கு வந்தபடி கோக்லேயைத் திட்டினேன், ஓசிச் சாமானை நம்பினால் இப்படித்தான் என்று. அப்பேர்ப்பட்ட மனிதரை! பழைய முறைப்படி முழுசாகக் கட்டலாம் என்றால் ஐம்பது நிமிஷம். பதினொரு மணி வாக்கில் தினமும் கரண்டு போகிறது. நடக்காத காரியம்.

கோப்புகளின் நேரத்தை வரிசையாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். நான் கடைசியாகத் திருத்திய மூலம், வியாழன் இரண்டு நாற்பது. அதைக் கம்பைல் செய்து வைத்தது, வியாழன் மூன்று முப்பத்தைந்து. மூலத்தைவிட இது பிந்தியது, அதனால் கருவி தொடவில்லை. கருவியின் மேல் தப்பே இல்லை. ஆனால் நேற்று மூன்று முப்பத்தைந்துக்கு இந்தத் தெருவிலேயே கரண்டு கிடையாதே! இல்லாத கரண்டில் மெஷினை ஓட்டியது யார்?

"மேரிம்மா, அது நாந்தான்."

சோமசேகரன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து மத்தியானம் கரண்டு வந்தப்ப மணி ஒன்னு நாப்பது. நீங்க சாப்பாட்டுல இருந்தீங்க. ஒன்றரைலேந்து மூனு ராகு காலம். மெஷினு மணி கேட்டுச்சு. புது வேல தொடங்குற நேரம், ராகு காலத்த அதுல பதிய வேணாம்னு மூனு அஞ்சுன்னு அடிச்சிட்டேன். ரொம்ப நாளா அப்புடித்தான் அடிக்கிறேன். சும்மா கேக்குது, நாம என்ன சொன்னாலும் கேட்டுக்குதுன்னு நெனச்சேங்க."

எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வைத்த மணியில் நான் முதல் பாதியைக் கட்டினேன், அது மூன்று முப்பத்தைந்து என்று பதிந்தது. இடையில் கரண்டு போய் வந்தபோது மெஷினை நானே போட்டேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான மணியை அடித்தேன். அதனால்தான் பிற்பாடு எழுதிய திருத்தம் முற்பாடு எழுதியது போல ஆகிவிட்டது. மேக் கருவி பூனாவில் எழுதப்பட்டது. நல்ல நேரம் பார்த்து மணியை மாற்றி அடிக்கும் குமாஸ்தா ஒருவர் இருப்பார் என்று கோக்லேக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பிக் கூட்ட அறைக்குப் போய்விட்டார். அவர் குரலை அவ்வளவு உரக்க நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தலைவரே, தப்பு மேரிம்மா மேலயும் இல்ல, மெஷின் மேலயும் இல்ல. நான் ராகு காலம் பாத்து மணிய மாத்தி வச்சிட்டேன். என்னாலதான் வந்துச்சு." சிரிப்பு எழுந்தது. யாரோ, மெஷினுக்கும் சனிப்பெயர்ச்சி பார்த்தீரா என்று கேட்டார். அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்குக் கத்த வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

இனி வேலை சின்னதுதான். அந்த ஒரு கோப்பை மறுபடி சேமித்தால் இன்றைய நேரம் பதியும், கருவி அதை மட்டும் கட்டும். ஏழு நிமிஷம். சேமித்தேன், கட்டச் சொன்னேன். மூன்றாவது நிமிஷத்தில் விசிறி நின்றது.

பத்து ஐம்பத்திரண்டு. கூட்டத்தார் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முத்தையன் துண்டால் எனக்கு விசிறினார். வேண்டாம் அண்ணே என்றேன், அவர் நிறுத்தவில்லை. தலைவர் மணியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொன்று. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்துக்கு விசிறி அசைந்தது.

மெஷினைப் போட்டோம். திரையில் தேதி கேட்டது, பிறகு மணி கேட்டது. வெள்ளிக்கிழமை, பதினொன்று பன்னிரண்டு, ராகு காலத்துக்கு நட்டநடு. நான் கையை நீட்டினேன். "சார், நீங்க அந்தாண்ட போங்க. நான் அடிச்சிக்கிறேன்" என்றேன். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"வேணாம்மா. கெடுத்தது நான். நானே அடிக்கிறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். பதினொன்று, பன்னிரண்டு. அடித்த பிறகு என்னைப் பார்த்து, "சரியாம்மா?" என்று கேட்டார். சரி சார் என்றேன். எழுந்து இடம் விட்டார்.

ஏழு நிமிஷம் கரண்டு இருந்தது. அதற்குப் பிறகும் இருந்தது. பிரிண்டர் கரகரத்தது. இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான் படித்தேன், படித்துவிட்டு முத்தையனிடம் கொடுத்தேன். அவர் விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தார். சுரக்குடி, பதினேழு. "வந்துருச்சு தலைவரே" என்றார். தலைவர் கையெழுத்துப் போட்டார், பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த நன்றிப் பட்டியலில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கான நன்றியை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை சுரக்குடி நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. முத்தையன் அதைச் சொல்லவே சைக்கிளில் வந்தார், முழங்கால் வரை சேற்றோடு மாடி ஏறினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு என்றார், உண்மையாகவே மறந்துபோனவர் போல. மைக்கேல்ராஜுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். வாக்குப்படி அவர் முறைக்கு மாறத் தயார் என்றும் எழுதினேன். 'கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதையே வைத்துக்கொள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் முழுசாகக் கட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்' என்று பதில் வந்தது. அந்த மனிதர் ஒரு விவாதத்தில் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோக்லேக்கும் எழுதினேன், ராகு காலம் என்றால் என்ன என்பதையும் சேர்த்து. ஒரே மாதத்தில் புதுப் பதிப்பு அனுப்பினார். ஏதாவது கோப்பின் நேரம் மெஷினின் நேரத்தைத் தாண்டி இருந்தால் கருவி இப்போது நின்று எச்சரிக்கிறது. உங்கள் குமாஸ்தாவுக்கு என் வணக்கம் என்று கடைசியில் எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, தலைவர் போன பிறகு சோமசேகரனைத் தேடினேன். நாற்காலி காலி. சாவி என் மேசைமேல் இருந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்ததுமே இறங்கிப் போய்விட்டாராம். காத்தமுத்து என்று எங்கள் பியூன், அவன்தான் சொன்னான்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? அவரு பொண்ணு அல்லிய விடியக்காலம் ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. தலைப்பிரசவம். ரொம்பக் கஷ்டப்படுதாம். மெஷின் ரூமு சாவி தங்கிட்ட இருக்கே, கூட்டம் கெட்டுரப்போவுதுன்னுதான் வந்தாரு. பத்தரைக்குள்ள திரும்பி வந்துர்றேன்னு சம்மந்தியம்மாட்ட சொல்லிட்டு வந்தாராம்."

நான் செருப்பைச் சரியாக மாட்டினேனா என்று நினைவில்லை. பகல் வெயிலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மகள் பிரசவ வலியில் கிடக்கிறாள், இவர் தன் வாழ்நாளெல்லாம் பயந்த அந்த நேரத்தைத் தன் கையாலேயே அடித்துத் தொடக்கி வைத்திருக்கிறார். அடிக்கும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! போக விடாமல் உட்கார வைத்தவள் நான். வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே போனேன், அல்லிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று.

பிரசவ வார்டு வராந்தாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. பக்கத்தில் அவர் சம்பந்தி காசியம்மா. நான் தூணோரம் நின்றேன். உடனே முன்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

"அல்லி நல்லாருக்கா, அது போதும். ஆனா பொட்டப்புள்ள, பதினொன்னு நாப்பதுக்குப் பொறந்துருக்கு, நடு ராகு காலம்" என்று காசியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "நர்ஸு எழுதுனது அதுபாட்டுக்கு இருக்கட்டும். ஜோசியர்ட்ட பன்னெண்டு அஞ்சுன்னு சொல்லிருவோம் சம்மந்தி. இருவத்தஞ்சு நிமிசந்தானே, யாருக்குத் தெரியப்போவுது?"

சோமசேகரன் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"வேணாங்க. பதினொன்னு நாப்பதுன்னே சொல்லிருவோம். மணிய மாத்திச் சொன்னா பின்னால வர்றதெல்லாம் தப்பா வருதுங்க. எது வந்தாலும் அதோட நேரத்துலயே இருக்கட்டும்."

தலை நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். "பட்டியலு போயிருச்சாம்மா?" என்றார்.

"போயிருச்சு சார். சுரக்குடிக்குப் பதினேழு." அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு அழுதேன். என்ன மன்னிச்சிருங்க சார், ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"மெதுவா பேசுங்க மேரிம்மா" என்றார் சோமசேகரன். "புள்ள இப்பதான் தூங்குது."